பீரோவுக்குள் போன சாக்ஸபோன்

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜொசியான் செய்த முதல் வேலை, மகளின் சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியதுதான். தலையில் போட்ட முக்காட்டைக்கூட இன்னும் எடுக்கவில்லை. பட்டுப் புடவைகளை ஒரு பக்கம் தள்ளிப் பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, கதவை இடுப்பால் முட்டி மூடி, சாவியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஏஸ்தெல் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னண்டரைக்கு எனக்கு ஷோம்மா."

"தெரியும். பத்தரைக்கு வராங்க. பதினொண்ணரைக்கெல்லாம் கிளம்பிடுவாங்க. அப்புறம் எடுத்துக் குடுக்கறேன்."

"வெளிய இருந்தா இன்னா? கடிச்சிடுமா அது?"

"ஆளைக் கடிக்காது. கல்யாணத்தைக் கடிச்சிடும்."

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய பயோடேட்டாவில், கோயில் பாடற்குழுவில் பாடுவாள் என்று ஜொசியான் எழுதியிருந்தாள். அது பொய்யில்லை. பதினெட்டு வயதுவரை பாடியவள்தான். ஓட்டலில் பாடுவதை எழுதவில்லை. சாக்ஸபோன் வாசிப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, பெண்ணின் பெயருக்கும் முன்னால், தடித்த எழுத்தில் 'பிரெஞ்சு நேஷனாலிட்டி' என்று போட்டிருந்தாள். அவர்கள் குடியிருந்த உப்பளம் பகுதியில் அந்த ஒரு வரி போதும். நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டினால் பையன் பிரான்சுக்குப் போய்விடலாம். பெண் கறுப்பா சிவப்பா, சமைப்பாளா மாட்டாளா என்று யாரும் துருவுவதில்லை.

ஏஸ்தெலுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அண்ணன் லூக்கா பாரிசுக்குப் பக்கத்தில் தபால் பிரிக்கும் வேலை பார்க்கிறான். அவளும் பத்தொன்பது வயதில் அங்கே போனாள். போக வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஸ்டாண்டில் பஸ் வந்து நின்றால் ஏறிக்கொள்வதுபோல, அந்த வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்ததும் ஏறிவிடுவார்கள்.

பள்ளிக்கூட கான்டீனில் தட்டு எடுக்கும் வேலை கிடைத்தது. மாலையில், வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணம் வாங்கும் நகராட்சி இசைப் பள்ளியில் சேர்ந்தாள். பாட்டு வகுப்பில் இடம் இல்லை, சாக்ஸபோன் வகுப்பில் ஒரு இடம் இருக்கிறது என்றார்கள். முதல் மாதம் ஆட்டுக்குட்டி கத்துவதுபோலத்தான் சத்தம் வந்தது. மூன்றாவது மாதம் ஒருநாள் அந்தப் பித்தளைக் குழாயிலிருந்து வந்த குரலைக் கேட்டு அவளே ஊதுவதை நிறுத்திவிட்டாள். அது அவளுடைய குரல். ஆனால் வீட்டில் ஒருநாளும் எடுத்திராத குரல். கோயிலில் பாடும்போது அவள் நல்ல பெண்ணாக இருந்தாள். எல்லோரோடும் சேர்ந்து ஏறி, எல்லோரோடும் சேர்ந்து இறங்கினாள். இது தனியாக ஏறியது, நினைத்த இடத்தில் கரகரத்தது, யாரையும் கேட்காமல் நின்றது. பிறகு ஜாஸ் பாட்டு தானாக வந்து அவளோடு ஒட்டிக்கொண்டது. நாலு வரி பாடிவிட்டு, அதற்கு மேல் வார்த்தையில் சொல்ல முடியாததை ஊதுவாள். ஊதி முடித்தபின் வரும் பாட்டில் ஊதியதன் கரகரப்பு மிச்சம் இருக்கும். இரண்டும் அவளுக்கு ஒரே மூச்சுதான்.

இருபத்துநாலு வயதில் திரும்பி வந்துவிட்டாள். ஊரில் கேட்காதவர் இல்லை. "அங்க எதனா பிரச்சினையாம்மா?" போலீஸ் கேஸ், கறுப்பன், வெள்ளைக்காரன், வயிற்றில் பிள்ளை என்று தெருவில் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பிரச்சினை எதுவும் இல்லாமல் ஒருத்தி அங்கிருந்து திரும்பி வருவாள் என்பதை மட்டும் யாராலும் நம்ப முடியவில்லை.

இரண்டு வருடமாகக் கல்யாண ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு, ஓட்டலில் விருந்தாளிகள் கேட்கும் பாட்டு என்று ஓடியது. கிடார் வாசிக்கும் செல்வகுமார்தான் கூட்டாளி. கடற்கரைக்குப் பின்தெருவில் ஓட்டல் வைத்திருக்கும் ஜானகிராமன், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பாட வைத்தார். வாசிக்க விடவில்லை.

"பாடற பொண்ணு மூஞ்சி உப்பிக்கிட்டு நின்னா போட்டோ நல்லா வராதும்மா. ஊதறதுக்கு ஆம்பள ஆளு ஒருத்தனப் போட்டுக்கலாம்."

மூன்று மாதம் சண்டை போட்டாள். கடைசியில் ஒரு ஞாயிறு தருகிறேன் என்றார். பாட்டும் அவள், வாசிப்பும் அவள், பாடுவதும் அவள் எழுதியதே. சாப்பிட வந்தவர்கள் எழுந்து போகாமல் இருந்தால் பிப்ரவரி வரை ஞாயிறுதோறும் அவளுக்கு. வராமல் போனாலோ, நேரம் தவறினாலோ பேச்சே கிடையாது. அந்த ஞாயிறுதான் இது. மாப்பிள்ளையின் அத்தை செவ்வாய்க்கிழமை பிரான்சுக்கு விமானம் ஏறுகிறாள் என்பதால், பெண் பார்க்கவும் இந்த ஞாயிறை விட்டால் அவர்களுக்கு வேறு நாள் இல்லை.

'பார்ப்பதால் என்ன குறைந்துவிடப் போகிறது' என்றுதான் ஏஸ்தெல் சரி என்றிருந்தாள். அம்மாவிடம் தினமும் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு ஆமாம் சொல்லிவிட்டால் ஒரு வாரம் நிம்மதியாகப் பயிற்சி செய்யலாமே என்று கணக்குப் போட்டாள். அந்த ஆமாம் பீரோவுக்குள் போய் உட்காரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"வெளிறிப்போய் நிக்காதே," என்று சொல்லி ஜொசியான் அவளுக்குச் சிவப்பு லிப்ஸ்டிக் போட்டுவிட்டாள்.

பத்தரைக்கு வர வேண்டியவர்கள் பதினொன்றுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை ஜோர்தான், அவனுடைய அப்பா எமீல், எமீலின் அக்கா அலெக்சாந்த்ரா. நெல்லித்தோப்புக்காரர்கள். எமீல் உட்கார்ந்ததிலிருந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் அக்காதான். ஜோர்தான் அவளைத் தாந்த் என்று கூப்பிட்டான். பிரெஞ்சில் அத்தை. முப்பது வருடமாக அங்கே இருக்கிறவள். இந்த ஊரில் எத்தனை கல்யாணத்தைத் தூதரகத்தில் பதிந்து, எத்தனை பையன்களை விமானம் ஏற்றியிருக்கிறாள் என்பதை விரல் விட்டுச் சொன்னாள். கோயிலில் மோதிரம் மாற்றிய அன்றே எந்தக் காகிதத்தை எங்கே கொடுக்க வேண்டும், ஆறு மாதத்தில் விசா எப்படி வரும், லூக்கா வீட்டில் எத்தனை அறை, இரண்டு மாதம் அங்கே தங்க முடியுமா என்று அடுக்கினாள்.

'பொண்ணு பாடுமாமே, ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க' என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். இவர்கள் அதைக் கேட்கவில்லை. ஏஸ்தெலுக்குச் சிரிப்பு வந்தது. பாட்டையே தொழிலாக வைத்திருக்கிறவளைப் பார்க்க வந்தவர்களுக்கு, பாட்டு மட்டும் தேவைப்படவில்லை.

"ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசட்டுமே," என்றாள் அலெக்சாந்த்ரா. பால்கனிக்கு அனுப்பினார்கள்.

ஜோர்தான் ஏசி மெக்கானிக். புது ஷூ கடித்ததால் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான்.

"உங்களுக்கு அங்க பிடிக்கலைங்களா?" என்று கேட்டான்.

"பிடிச்சுது."

"அப்புறம் ஏன் வந்துட்டீங்க?"

யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொல்லத் தோன்றியது. இனி பார்க்கப் போவதில்லை என்பதாலோ என்னவோ.

"அங்க நான் எப்பவும் மெர்சி சொல்லிக்கிட்டே இருந்தேங்க. வேலைக்கு மெர்சி, ரூமுக்கு மெர்சி, மேடைக்கு மெர்சி. சேல கட்டிக்கிட்டு வந்து பாடுன்னு சொன்னாங்க, அதுக்கும் மெர்சி. ஊதற வாயி அதையே சொல்லிச் சொல்லி ஓஞ்சு போச்சு."

மெர்சி என்றால் நன்றி. அவன் யோசித்தான். "எனக்கு மெர்சி சொல்றதுல கஷ்டமில்லைங்க. எனக்குப் போகணும். அவ்ளோதான்."

அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பத்தொன்பது வயதில் அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

"நான் பஸ் இல்லீங்க, ஜோர்தான்."

"தெரியுதுங்க. ஆனா ஸ்டாண்டுல வேற பஸ்ஸும் இல்லியே."

இருவரும் சிரித்தார்கள். உள்ளே அந்தச் சிரிப்பைக் கேட்டு அம்மா மனசுக்குள் கல்யாணத் தேதி குறிப்பாள் என்று ஏஸ்தெலுக்குத் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து. அப்போதுதான் சமையலறையிலிருந்து வந்த வாசனை அவளுக்கு உறைத்தது. வாத்துக்கறி. மூன்று பேருக்குக் கேக்கும் காபியும் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னவள், விடியும் முன்பே எழுந்து ஒரு பானை நிறையக் கறி வைத்திருக்கிறாள். பதினொன்றரைக்கு அவர்கள் கிளம்புவார்கள் என்பது தொடக்கத்திலிருந்தே பொய்.

உள்ளே ஜொசியான் சொல்லிக்கொண்டிருந்தாள். "இருந்து சாப்பிட்டுதான் போகணும். அதெல்லாம் கேக்கவே மாட்டேன்."

போன் அதிர்ந்தது. செல்வகுமார். *அக்கா, எங்க இருக்கே? மொதலாளி வாசல்லயே நிக்கறாரு.*

கோபம் வரும் என்று நினைத்தாள். வந்தது வேறு ஒன்று. மேடையில் ஏறுவதற்கு முன் வயிற்றின் அடியில் மூச்சு இறங்கி உட்காருமே, அந்த அமைதி. கத்த வேண்டியதில்லை, அழ வேண்டியதில்லை. அந்தப் பெட்டி இல்லாமல் இந்த வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை, பெட்டி வந்தபின் ஒரு நிமிடமும் இருப்பதில்லை. எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழியை அலெக்சாந்த்ராவே திறந்துவிட்டாள்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி பேப்பர் வேலய முடிச்சிடலாம். பொண்ணோட கார்த்த காட்டுங்க. தேதி இருக்கான்னு பாத்துக்கறேன்."

கார்த் என்றால் பிரெஞ்சு அடையாள அட்டை.

ஜொசியான் மகளிடம் திரும்பினாள். "எடுத்தாயேன். எங்க வெச்சிருக்கே?"

"எப்பவும் வெக்கற எடத்துலதான்," என்றாள் ஏஸ்தெல்.

அம்மாவின் முகத்தில் அது மெல்ல மெல்ல இறங்குவதை அவள் பார்த்தாள். அந்த அட்டை சாக்ஸபோன் பெட்டிக்குள், ரீட் வைக்கும் பையில்தான் எப்போதும் இருக்கும். பிரான்சில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கறுப்புப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ரயில் நிலையத்தில் இறங்கினால் போலீஸ்காரன் நிறுத்துவான். பெட்டியைத் திற, கார்டைக் காட்டு. எப்போதும் இரண்டும் சேர்ந்தே வரும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டால் தேடித் தடவாமல் காட்டிவிடலாம் என்று வைத்தாள். ஊருக்கு வந்தும் மாற்றவில்லை. அவள் வாசிப்பதை மறைப்பதற்காக அம்மா பூட்டியபோது, அம்மா ஊருக்கெல்லாம் காட்ட நினைத்ததும் சேர்ந்து பூட்டுக்குள் போய்விட்டது.

"அப்புறமா காட்டறேனே," என்றாள் ஜொசியான். "கறி ஆறிடும்."

"ஆறட்டும். கார்த் கையில இல்லியா?"

"இருக்கு, இருக்கு. சாவிதான்... எங்க வெச்சேன்னு..."

அலெக்சாந்த்ரா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் முத்தியால்பேட்டையில ஒரு வீடு. நேஷனாலிட்டி, நேஷனாலிட்டின்னு சொல்லி நிச்சயம் வரைக்கும் வந்துட்டாங்க. கடசீல பாத்தா தாத்தா ஒப்ஷனே எழுதல."

ஒப்ஷன் என்பது, பிரெஞ்சுக்காரர்கள் போனபின், நான் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்துகொள்கிறேன் என்று அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்தது. அந்தக் காகிதத்தை எழுதிய வீடு, எழுதாத வீடு என்று ஊரே இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது.

ஜொசியானுக்குக் கழுத்து சிவந்துவிட்டது. "எங்க மாமனார் மொத நாளே போய் வரிசையில நின்னு எழுதினவரு. என் வீட்டுக்காரரு யூனிபார்ம்ல நிக்கற போட்டோவுக்குக் கீழ ஒக்காந்துக்கிட்டு இப்பிடிக் கேக்கறீங்களே."

எல்லோர் எதிரிலும் திரும்பிக்கூட நிற்காமல் ரவிக்கைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். எமீலின் பார்வை அவசரமாக மின்விசிறிக்குப் போய்விட்டது. பீரோக் கதவு கிரீச்சிட்டது. பெட்டியை அவளே இரண்டு கையாலும் தூக்கிவந்து, கேக் தட்டை ஒதுக்கி, டீபாயின் நடுவில் வைத்தாள்.

"இதுலதான் இருக்கு."

"இன்னா இது?" என்றாள் அலெக்சாந்த்ரா.

ஏஸ்தெல் தரையில் மண்டியிட்டுக் கொக்கிகளைத் திறந்தாள். நீல வெல்வெட்டில் பித்தளை படுத்திருந்தது. பால்கனி வெளிச்சம் அதில் பட்டு எமீலின் சட்டையில் ஆடியது. ரீட் பையிலிருந்து அட்டையை எடுத்து அலெக்சாந்த்ராவின் கையில் கொடுத்தாள். அதே பையிலிருந்து ஒரு ரீடையும் எடுத்தாள். நாணலைச் சீவிச் செய்த சின்னத் தகடு. வாயில் வைத்து இரண்டு நிமிடம் ஊறவிட்டால்தான் சாக்ஸபோன் பேசும்.

"ஒதட்டத் தொடச்சிட்டு வெய்யி," என்றாள் ஜொசியான். "சாயம் ஒட்டிக்கிட்டா அப்புறம் பீப்பீன்னு கத்துது."

கூடத்தில் எல்லோரும் ஜொசியானைப் பார்த்தார்கள். பூட்டி வைத்தவளேதான் சொல்கிறாள். தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும், முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். இரண்டு வருடமாகக் காதைப் பொத்திக்கொண்டு இருந்தவளுக்கு இது எப்படித் தெரியும் என்று ஏஸ்தெல் கேட்கவில்லை. புறங்கையால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். கன்னம்வரை சிவப்பு இழுபட்டது. ரீடை வாயில் வைத்துக்கொண்டு குழாய்களைப் பொருத்த ஆரம்பித்தாள்.

"கல்யாண பேண்டுல ஊதுவாங்களே, அதானே இது?" என்றாள் அலெக்சாந்த்ரா. "பொம்பளப் புள்ள இத வெச்சிக்கிட்டு இன்னா பண்ணுது?"

ஏஸ்தெல் வாயில் ரீட். குழாயைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஓட்டல்ல பாடறவங்க, தாந்த். எனக்குத் தெரியும்," என்றான் ஜோர்தான். "அங்க ஏசி மாட்டப் போனப்ப பாடறதக் கேட்டிருக்கேன்."

"தெரிஞ்சா கூட்டிட்டு வந்தே?"

"நான் எங்க கூட்டிட்டு வந்தேன்? நீங்கதான கூட்டிட்டு வந்தீங்க."

அலெக்சாந்த்ரா அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தேதியைப் படித்தாள். இன்னும் ஏழு வருடம் இருந்தது. முகம் கொஞ்சம் இளகியது.

"சரி. சின்ன வயசு, ஆசைக்கு ஊதுது. அங்க போயிட்டா வேலைக்கே நேரம் பத்தாது, தானா விட்டுப்போயிடும். ஏம்மா, கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசத்துல ஜோர்தானோட பிரான்சுக்கு வந்துடுவே இல்ல?"

எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் வாயில் ரீடை வைத்துக்கொண்டு அலெக்சாந்த்ராவையே பார்த்தாள். நாக்கில் நாணல் ருசி ஏறிக்கொண்டிருந்தது. பதில் சொல்ல வேண்டும் என்ற பதற்றம் இல்லை என்பதை ஒரு வேடிக்கைபோல உணர்ந்தாள். இத்தனை வருடமும் யார் என்ன கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் பதில் வைத்திருந்தாள். போலீஸ்காரனுக்கு, கான்டீன்காரிக்கு, தெருவில் கேட்பவர்களுக்கு. இன்று ரீட் ஊறட்டும்.

ஊறியது. எடுத்தாள்.

"வர மாட்டேன்."

"இன்னாம்மா சொல்றே?"

"பிரான்சுக்கு வர மாட்டேன். ஆறு மாசத்துலயும் இல்ல, அறுவது வருஷத்துலயும் இல்ல. இங்கதான் இருப்பேன். பாடுவேன், வாசிப்பேன். ரெண்டும்."

ரீடை மாட்டிப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஒரே ஒரு மூச்சு ஊதிப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய கீழ்ச்சுரம் கூடத்தை நிரப்பி, கேக் தட்டிலிருந்த ஸ்பூனைக் கிணுகிணுக்க வைத்தது. எமீல் முதல்முறையாக மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நல்லாருக்கே," என்றார்.

"நீ சும்மா இருடா," என்றாள் அக்கா.

ஏஸ்தெல் வாத்தியத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள். அலெக்சாந்த்ரா அட்டையை நீட்டினாள்.

"வெச்சிக்கிட்டு பாருங்க," என்றாள் ஏஸ்தெல். "நல்லாப் பாத்துட்டு அம்மாகிட்ட குடுத்துடுங்க. இன்னிக்கி எனக்கு அது தேவைப்படாது."

ஜோர்தான் எழுந்து வழிவிட்டான். "பாத்துப் போங்க," என்று மட்டும் சொன்னான். அம்மா கையில் பீரோச் சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளைத் திரும்பிப் பார்த்தால் கால் தயங்கும் என்று ஏஸ்தெலுக்குத் தெரியும். பார்க்காமல் படி இறங்கினாள்.

ஸ்கூட்டரில் போகும்போது கன்னத்தில் லிப்ஸ்டிக் காற்றில் காய்ந்து இழுத்தது. அம்மா இப்போது சாப்பாட்டு மேசைக்கும் சோபாவுக்கும் நடுவில் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டாள். குற்ற உணர்வு வந்தது. இருக்கட்டும், அதுவும் கூட வரட்டும் என்று விட்டுவிட்டாள். அது போகட்டும் என்று காத்திருந்தால் எந்த ஞாயிறும் கிளம்ப முடியாது.

ஓட்டல் வாசலில் ஜானகிராமன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பன்னிரண்டு முப்பத்தெட்டு.

"எட்டு நிமிஷம். பேசுனதெல்லாம் மறந்துடு. மேல போய் எதையாவது பாடு. ஊதற வேலையெல்லாம் வேணாம். ஐய, மூஞ்சில இன்னா அது, ரத்தமா?"

"லிப்ஸ்டிக்கு."

"தொடச்சிட்டுப் போ."

"நேரமில்ல சார்."

அவரைத் தாண்டி நடந்தாள். முற்றத்தில் ஒன்பது மேசை நிறைந்திருந்தது. செல்வகுமார் கிடாரோடு ஸ்டூலில் உட்கார்ந்து, அதே நாலு கோர்வையைப் பன்னிரண்டரையிலிருந்து சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டினான். போன் அதிர்ந்தது. ஊமையாக்குவதற்காக எடுத்தவள், அம்மாவின் செய்தியைப் பார்த்தாள்.

*அவுங்க போயாச்சு. கார்டு என்கிட்ட. ஒரு பானை கறி இருக்கு. ராத்திரிக்கும் உனக்கு அதான்.*

திட்டா சமாதானமா என்று தெரியவில்லை. போனை அட்டை இருந்த பையில் போட்டுவிட்டுச் சாக்ஸபோனை எடுத்துப் பொருத்தினாள்.

மேடை ஓரத்துக்கு ஜானகிராமன் வந்துவிட்டார். "பாட்டு, பாட்டு," என்று வாயசைத்தார். அவள் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஊதத் தொடங்கினாள். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு எழுந்தது. முன் மேசையில் ஒருத்தி கரண்டியைப் பாதி வழியில் நிறுத்தினாள். யாரோ போனை உயர்த்தினார்கள். எடுக்கட்டும். இப்படியே எடுக்கட்டும். தனியாக ஏறினாள், நினைத்த இடத்தில் கரகரத்தாள், யாரையும் கேட்காமல் நின்றாள். மூச்சு ஆறுவதற்குள் மைக்கின் அருகில் போய், தானே எழுதிய வரியைப் பாடினாள்.

*எல்லாரும் ஏறுன பஸ்ஸுல நானும் ஏறுனேன்*
*ஏறுன எடத்துலயே எறங்கிக்கிட்டேன்*

பின்னாலிருந்து ஒரு குரல் சினிமாப் பாட்டு ஒன்றைக் கேட்டது. ஜானகிராமன் உடனே, பாடு பாடு என்று கையைக் காட்டினார்.

"இது முடியட்டும்," என்றாள் மைக்கில், எல்லோருக்கும் கேட்கும்படி. "இது கொஞ்சம் நீளம்."

செல்வகுமார் சிரித்துக்கொண்டே அடுத்த கோர்வைக்குப் போனான். மேசையிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தாலும் அவள் முடித்துவிட்டுத்தான் இறங்கியிருப்பாள்.